பாட்டிலின் அடியில் தங்கிய வண்டல்

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எட்வினுக்கு ஒரு சின்ன பேக்கரி. முப்பது வருஷமாக மாவு பிசைகிற கை. குடிப்பழக்கம் கிடையாது.

தம்பி பெலிக்ஸ் பெல்ஜியத்தில் ஒரு துறவற மடத்துச் சமையலறையில் வேலை பார்த்தான். கடைசியாக ஊருக்கு வந்தபோது ஒரு பாட்டிலைக் கொடுத்தான்.

"மடத்துச் சாமியாருங்க காய்ச்சுற கருப்பு பீருண்ணே. அடுத்த லீவுக்கு வாரேன், சேந்து குடிப்போம்."

வரவில்லை. மூச்சிரைப்பு முற்றி அங்கேயே இறந்தான். அடக்கத்தை எட்வின் போனில்தான் பார்த்தார்.

இரண்டு வருஷம் கழித்து, பெலிக்ஸின் பிறந்தநாள் மத்தியானம், ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் வீட்டில் பாட்டிலைத் திறந்தார். நுரை பொங்கி வழிந்தது. டம்ளரில் கருப்பட்டிப் பாகு நிறம். முதல் வாயில் உலர்ந்த திராட்சை, கருகிய சர்க்கரை, கொஞ்சம் கிராம்பு. விழுங்கிய பிறகு அடிநாக்கில் ஒரு கசப்பு நின்றது. சூடு மெதுவாக நெஞ்சுக்குள் இறங்கியது. மனைவி ஜெபாவும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"கிறிஸ்துமஸ் கேக்கைக் கரைச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

பாட்டிலின் அடியில் சேறு போல வண்டல் தங்கியிருந்தது. ஈஸ்ட் என்று அவருக்குத் தெரியும். இந்நேரம் செத்திருக்கும் என்று நினைத்தார். ஆனாலும் மனசு கேட்காமல், அதை ஒரு பாத்திரத்தில் ஊற்றி, சர்க்கரைத் தண்ணீரும் மைதாவும் சேர்த்துக் கரைத்து, துணி போட்டு மூடி வைத்தார்.

மறுநாள் அசைவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஜெபா அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள்.

"செத்த வாங்க. ஏதோ சத்தம் கேக்கு."

துணி மேடாக எழும்பியிருந்தது. மாவில் குமிழ் உடைகிற ஓசை எட்வினுக்குப் பழக்கம். ஆனால் இந்த ஓசை இழுத்தது, நின்றது, விசில் போல வெளியே வந்தது. மறுபடி இழுத்தது. சின்ன வயசில் அடுத்த பாயில் படுத்திருந்த பெலிக்ஸிடமிருந்து கேட்ட அதே ஓசை. துணிமேல் கை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"கொட்டிருவோமா?" ஜெபாவின் குரல் இறங்கிவிட்டது.

"வேண்டாம். கூட இருப்போம்."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பகல் முழுக்க எழுந்திருக்கவில்லை. ஓசை தளர்ந்தபோது ஒரு கரண்டி சர்க்கரை போட்டார். திரும்ப வேகம் பிடித்தது. இரண்டாவது கரண்டி எடுத்தபோது ஜெபா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும், விட்டுருங்க. அவுக கஷ்டப்படுறாக."

சாயங்காலம் மணி ஐந்தரைக்கு ஓசை நின்றது. துணி மெல்லத் தாழ்ந்தது. கொல்லையில் குழி தோண்டி மாவைப் புதைத்தார்கள். ஜெபா ஜெபம் சொன்னாள்.

இப்போதும் பேக்கரியில் மாவு பொங்குகிற அறைக்குள் எட்வின் தனியாகப் போவதில்லை. மாஸ்டர் மலைச்சாமியைக் கூட்டிக்கொள்வார். உள்ளே நுழையும் முன் நின்று, "ஏலே, ரேடியோவைப் போடு" என்பார்.