நைனாவைப் பற்றி வந்த ஒரு சொல்

விரலில் எண்ணெய் தடவியதுபோல வழுக்கும், கையை எடுத்தால் தானாகச் சுருண்டுகொள்ளும், மூக்கருகே கொண்டுபோனால் லேசாக மருந்து வாடை அடிக்கும் தாள் அது. ஃபேக்ஸ் தாளை நான் முதன்முதலில் தொட்டது ஏழாம் வகுப்புப் படிக்கும்போது, நகரிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டு வாசலில். ஆட்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் திருப்பதி ஏஜெண்டின் ஆபீசிலிருந்து ஒருவர் பைக்கில் வந்து அதை அம்மாவிடம் நீட்டினார். குவைத்தில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த என் அப்பா சாரத்திலிருந்து விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் இருக்கிறார், மற்றதெல்லாம் இதில் எழுதியிருக்கிறது என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் நிலமில்லாத வீடுகளிலிருந்து ஒவ்வொருவராகக் குவைத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நான் ‘நைனா’ என்று அழைக்கும் அப்பா அங்கே போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படிப்பது தெலுங்கு, இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் வீட்டில் நான் ஒருத்திதான். அம்மா தாளை என் கையில் கொடுத்து, “படிடி கண்ணு, நைனா எப்படிக் கீதுன்னு போட்டுகீது பாரு” என்றாள்.

மொத்தம் நாலே வரிகள். விழுந்தது புரிந்தது, ஆபரேஷன் புரிந்தது. கடைசி வரி அவருடைய ‘கண்டிஷன்’ ‘ஸ்டேபிள்’ என்றது. எனக்குத் தெரிந்த ஸ்டேபிள் ஒன்றுதான்; எங்கள் ரீடர் புத்தகத்தில் ஒரு குதிரை தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்குமே, அந்த லாயம். நைனாவை ஆஸ்பத்திரியில் இடமில்லாமல் குதிரைகளோடு போட்டுவிட்டார்களா என்று நினைத்தேன். ஓடிப்போய் இங்கிலீஷ்-தெலுங்கு அகராதியைப் புரட்டினேன். முதலில் ‘குர்ரப்பு சால’ என்று அதே லாயம்தான் இருந்தது. அதற்குக் கீழே இரண்டாவது பொருளாக, ‘ஸ்திரமைன, கதலனி’ என்று இருந்தது. கதலனி என்றால் அசையாத என்று அர்த்தம். விழுந்த மனிதர் அசையவில்லை என்று நான் புரிந்துகொண்டேன்.

நிமிர்ந்து பார்த்தேன். அம்மா கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். “ஆபரேஷன் ஆயிட்ச்சாம்மா. நல்லாக் கீதாம்” என்று சொல்லிவிட்டேன்.

அந்த வார்த்தையை அம்மா அப்படியே நம்பினாள். வேர்க்கடலை பிடுங்கப் போன இடத்தில் எல்லோரிடமும், “நல்லாக் கீதாம், பாப்பா படிச்சா” என்று சொன்னாளாம். எதற்கும் திருப்பதிக்குப் போய் ஏஜெண்டை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமே என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபோது, நன்றாக இருப்பவரைப் பற்றி என்ன கேட்பது என்று சிரித்தாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சோறு இறங்கவில்லை. நைனாவுக்காக யாராவது கேட்க வேண்டிய நேரத்தில், கேட்க விடாமல் செய்தது நான்தான். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் வேப்பமரத்தடியில் கை காலை ஆட்டாமல் படுத்துப் பார்த்தேன். எறும்பு கடித்ததும் எழுந்துவிட்டேன். நைனாவை எறும்பு கடித்தால் என்ன செய்வார் என்ற எண்ணம் அன்று முழுக்க விடவில்லை.

நான்காம் நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் புத்தகப் பையோடு திருப்பதி பஸ்ஸில் ஏறினேன். புத்தூர் தாண்டுகிறவரை தைரியமாக இருந்தது. வடமாலப்பேட்டையில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், மாடியில் இருந்தது. ஏஜெண்ட் இல்லை. டைப் அடிக்கும் அக்கா ஒருத்தி மட்டும் இருந்தாள். தெலுங்குக்காரி, ஆனால் தமிழும் பேசினாள். நான் தாளை நீட்டி, எங்கள் நைனா அசைய மாட்டாரா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தாளைப் படித்தாள்.

“ஸ்டேபிள்னா கதலனின்னு இங்க அர்த்தம் இல்ல பாப்பா. டாக்டருங்க சொன்னா, நிலைமை அப்படியே நிக்குது, அதுக்கு மேல மோசமாவலன்னு அர்த்தம்.”

“அப்போ நல்லாயிட்ச்சாக்கா?”

“அதயும் இதுல சொல்லல.”

இந்தச் சின்னச் சொல்லுக்குள் இப்படி ஒரு இடைவெளி இருப்பதை எந்த அகராதியும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. குவைத்துக்கு என்ன கேட்டு அனுப்ப வேண்டும் என்று அவள் கேட்டாள். கை கால் அசைகிறதா என்று கேட்கச் சொன்னேன். அப்படியே டைப் அடித்து ஃபேக்ஸில் அனுப்பினாள். தன் தயிர்சாதத்தில் பாதியை எனக்குக் கொடுத்தாள். நான் தின்னாமல் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு மேல் அது கிறீச்சிட்டுத் தாளைத் தள்ளியது. கைகள் அசைகின்றன. வலது கால் அசைகிறது. இடது கால் இன்னும் அசையவில்லை. கடைசியில் ஒரு வரி: கேட்பது மகள் என்று அவரிடம் சொன்னோம், அவளுக்கு இன்று பள்ளிக்கூடம் இல்லையா என்று கேட்கிறார். அக்கா அதைத் தமிழில் சொன்னதும், நாலு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது.

ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, என்னைத் தேடிக்கொண்டு அம்மா ரோட்டில் நின்றிருந்தாள். எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. அங்கே கிடந்த கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

“மூணு நாளா நான் வயிறு ரொம்பத் துன்னுக்கினு கீறேன்டி. உங்க நைனா அங்க கால ஆட்ட முடியாம படுத்துக்கினு கீறாரு” என்றாள்.

இருட்டும்வரை நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

ஏழு மாதம் கழித்து நைனா வந்தார். இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். சாரம் ஏறுகிற வேலை முடிந்துபோனது. நகரியில் ஒரு தறிக்கொட்டகையில் உட்கார்ந்து நூல் சுற்றும் வேலை கிடைத்தது. அதைத்தான் பல வருடம் செய்தார். அந்தச் சொல்லை அதற்குப் பிறகு எங்கெல்லாமோ பார்த்தேன். பேப்பரில் ஸ்டேபிள் கவர்மெண்ட் என்று எழுதினார்கள், எனக்கு வரன் சொன்ன தரகர் பையனுக்கு ஸ்டேபிள் ஜாப் என்றார். சொல்பவர்கள் நிம்மதியாகத்தான் சொன்னார்கள். எனக்கு மட்டும், இதில் சொல்லாமல் விட்டது என்ன என்று கேட்கத் தோன்றும்.

அந்த மாடி ஆபீஸ் இப்போது இல்லை. அங்கே மொபைல் ரிப்பேர் கடை நடக்கிறது. டைப் அடித்த அக்கா எங்கே போனாள் என்று விசாரித்தும் தெரியவில்லை. நைனா இறந்து ஆறு வருடமாகிறது. ஒரு வரிச் செய்திக்கு அர்த்தம் தேடிப் பஸ் ஏறும் காலமும் போய்விட்டது. நான் சென்னையிலிருந்து தினமும் சாயங்காலம் அம்மாவுக்கு போன் செய்கிறேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்பாள், நல்லாக் கீறேம்மா என்பேன். அந்தப் பதில் இன்றைக்கும் அவளுக்குப் போதாது. “மூஞ்சக் காட்டு” என்பாள். வீடியோவைப் போட்டு முகத்தைக் காட்டுகிறேன். அவள் பார்த்து முடிக்கிறவரை போனை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.