காம்பை விட்டுவைத்த தெய்வானை டீச்சர்

"வீட்ல ஒண்ணுதான் இருக்கணும்னா, வீட்டுக்காரர வெச்சுக்கறதா, செடிய வெச்சுக்கறதா? நீங்களே சொல்லுங்க டீச்சர்" என்று ஒரு நாள் மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸைத் திறந்தபடியே தெய்வானை டீச்சர் என்னைக் கேட்டார். சென்ற வாரம் அவர் கணவர் சண்முகம் போன் செய்து, "உங்க கூட்டாளி தூக்கத்துலயே போயிட்டாம்மா" என்று சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கேள்விதான். அழுகைக்கு முன்னால் சிரிப்பு வந்துவிட்டது. அவரை அறிந்த நீங்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

அவரிடம் பூகோளம் படித்தவர்களுக்கு அவருடைய கிண்டல் தெரியும். வரைபடத்தில் பாலாற்றுக்கு நீல நிறம் தீட்டிய மாணவியிடம், "அதுல தண்ணிய எங்கமா பாத்த? மஞ்சள எடு" என்றவர் அவர்.

சண்முகம் பட்டு நெசவாளி. தறி நிற்கும் கூடத்து ஜன்னலில், தொட்டியில் ஒரு மெழுகுப்பூக் கொடி இருந்தது. தடித்த இலை; மெழுகில் வார்த்த நட்சத்திரங்கள் போலக் கொத்தாகப் பூ. டீச்சர் முதன்முதலில் வேலை பார்த்த ஊரிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த குச்சி அது. யாரும் கவனிக்காமல் விட்டதில் கம்பிகளை மூடி, உத்தரத்தைப் பிடித்து, இலையில்லாத நீண்ட நுனிகளால் தறியின் கயிறுகளையே வளைத்துக்கொண்டது. ஒரு நாள் சண்முகம் பொறுமையிழந்து ஒரு நுனியை வெட்டினார். கொடியின் பால், தறியில் ஏற்றியிருந்த அரக்கு நிறப் பாவு நூலில் சொட்டிக் கறையாகிவிட்டது. ஆடி பிறப்பதற்குள் கொடி வெளியே போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். வெளியே என்றால் மொட்டை மாடி வெயில். ஒரு வாரம்கூடத் தாங்காது.

கொடிக்காக வாதாடவும் வழியில்லை, ஏனென்றால் அது சரியாகப் பூப்பதே இல்லை. எப்போதாவது ஒரு கொத்து வரும், டீச்சர் காம்போடு கிள்ளிச் சாமி படத்துக்கு வைப்பார், பிறகு பல மாதம் ஒன்றுமில்லை. நம் ஊரில் பூத்த பூவைச் செடியிலேயே விட்டுவைப்பவர் யார்?

ஆனால் ஜன்னல் கதவுக்குப் பின்னால், கை எட்டாத இடத்தில் ஒரே ஒரு கொத்து மட்டும் திரும்பத் திரும்பப் பூத்தது. டீச்சர் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார். பூ உதிர்ந்த பழைய காம்பிலேயே புது மொட்டுகள். மறுநாள் பள்ளிக்கு வந்ததும் என் மேசைக்கு வந்து, "செடிமேல தப்பே இல்ல டீச்சர். இவ்ளோ நாளா நான்தான் அதும் வாய அடைச்சுக்கினு இருந்தேன்" என்றார்.

கணவரிடம் அவர் வாதாடியது மூன்றே வரிதான். "சேலைய அறுக்கறப்ப பாவு நுனிய தறியிலயே விட்டுட்டுதான அறுக்கறீங்க? அடுத்த பாவ அதுலதான பிணைக்கிறீங்க? இதும் காம்பு அப்படித்தாங்க."

ஞாயிற்றுக்கிழமை சண்முகம் பரணிலிருந்து நூல் சுற்றும் பழைய மரச்சட்டம் ஒன்றை இறக்கித் தொட்டியில் நட்டார். தறியைப் பிடித்திருந்த நுனிகளை ஒடியாமல் விடுவித்து, நூல் சுற்றுவது போல அதில் சுற்றினார். மறுநாள் நுனியெல்லாம் பிரிந்து நின்றது. நூல் அவர் சுற்றும் பக்கம் வரும், கொடி அதன் பக்கம்தான் சுற்றும். "இதுவும் உன்ன மாதிரிதான்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே எதிர்ப்பக்கமாகச் சுற்றினாராம். காய்ந்த கொடிகளை மட்டும், கீழே ஈரத்துணி விரித்து, வெட்டினார்கள்.

பூ பறிக்காமல் பூசை எப்படி? டீச்சர் முருகன் படத்தைக் கழற்றி ஜன்னலில் கொடிக்கடியில் மாட்டிவிட்டார். சாமியை இடம் மாற்றலாமா என்று சண்முகம் தயங்கினார். "கோயில் சாமியே வருஷா வருஷம் தெருவுக்கு வருது. நம்ம வீட்டு சாமி ஜன்னல் வரிக்கும் வரக்கூடாதா?" என்று கேட்டார் டீச்சர். கொடி அந்த வருடம் காம்புக்குக் காம்பு பூத்தது. பூக்கள் தாமாகவே படத்தின் மேல் உதிர்ந்தன. தேனும் சொட்டி எறும்பு வரிசை கட்டியது. பிரசாதம் வாங்க வந்திருக்கிறார்கள், விரட்டாதீர்கள் என்று, பார்க்கப் போன எனக்கும் உத்தரவு.

துக்கம் கேட்க நான் போயிருந்தபோது, கொடியில் நிறையக் கொத்துகள். உறவுக்காரப் பெண் ஒருத்தி, டீச்சரின் படத்துக்கு வைக்க ஒரு கொத்தைக் கிள்ளப் போனாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த சண்முகம் எழுந்தேவிட்டார்.

"காம்ப விட்டுடும்மா. பூவ மட்டும் எடு. அவ திட்டுவா."

அந்தப் பெண் ஒவ்வொரு பூவாக எடுத்தாள்.

டீச்சரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்றுதான். ஒன்று பூக்கவில்லை என்றால், அதைக் குறை சொல்வதற்குமுன் என் கை அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்ப்பது. வகுப்பறையில் அது பல முறை எனக்கு உதவியது.

உங்கள் வீட்டில் மெழுகுப்பூ இருந்தால், இந்த முறை பூ உதிர்ந்த பின் காம்பைத் தொடாமல் விட்டுப் பாருங்கள்.