கறுப்புக் கல்லுக்கு மேலே

எங்கள் வீடு இருந்த மவுண்ட் ரோஸ்கில்லுக்குப் பெயரிலேயே மலை உண்டு. பக்கத்தில் போய்ப் பார்த்தால் புல் முளைத்த ஒரு மேடு. ஓக்லாந்து முழுக்க இப்படித்தான், எப்போதோ நெருப்புக் கக்கிவிட்டு இப்போது சாதுவாகப் படுத்திருக்கும் மேடுகள். பனியை நான் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டைகளில் மட்டுமே பார்த்திருந்தேன். அதனால் செப்டெம்பர் விடுமுறைக்குத் தெற்கே உள்ள பனிமலைக்குப் போவோம் என்று ரெஜினாவின் அப்பா சொன்ன நாளிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை.

ரெஜினா என் வகுப்புத் தோழி. மன்னாரிலிருந்து வந்த குடும்பம், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேன் வைத்திருந்த ஒரே தமிழர் அவளுடைய அப்பாதான். வீடுகளுக்குப் பெயின்ற் அடிப்பவர். வாளிகளை இறக்கிவிட்டால் இரண்டு குடும்பம் ஏறலாம், வாசம் மட்டும் இறங்காது.

அம்மா வர மறுத்தார். அந்த நாட்களில் அவர் ஓரிடத்தில் நிற்கவேமாட்டார். அடுப்பில் கறியை வைத்துவிட்டு யன்னலுக்குப் போவார். யன்னலிலிருந்து தொலைபேசிக்கு வருவார். ரிசீவரைத் தூக்கி இரைச்சல் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு வைப்பார். தொலைபேசி பழுதாகிவிட்டது, திருத்த ஆள் வரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"உமக்கும் கொஞ்சம் வெளிக்காத்து வேணும். போன் அடிச்சா அடிக்கட்டும்," என்றார் அப்பா. கடைசியில் பாணும் சம்பலும் பிளாஸ்கில் தேத்தண்ணியுமாக அம்மா வேனில் ஏறினார். வழி முழுக்க யன்னல் கண்ணாடியை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தார்.

செப்டெம்பர் அங்கே வசந்தத் தொடக்கம், பனி வாழ்த்து அட்டையில் இருந்ததைப்போல இல்லை. கார் நிறுத்துமிடத்து ஓரங்களில் அழுக்காகக் குவிந்து கிடந்தது. மேலே போகப் போகத்தான் வெள்ளை. கீழ்ச்சரிவில் சின்னப் பிள்ளைகள் பிளாஸ்டிக் பைகளில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். அது குழந்தைகளுக்கான இடம் என்று ரெஜினா ஆங்கிலத்தில் தீர்ப்புச் சொன்னாள். மேலே தெரிந்த ஒரு கறுப்புக் கல்லைக் காட்டி, அதுவரை போய்வரலாம் என்றாள்.

பெரியவர்கள் பாணைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் புறப்பட்டோம். முதலில் நடந்தோம், பிறகு நாலு காலில் தவழ்ந்தோம். காலுறைக்கு மேல் பாண் வந்த பிளாஸ்டிக் பையைக் கட்டி, அதற்கு மேல் ரப்பர் கம்பூட்ஸ் போட்டிருந்தும் பனி உள்ளே போய் உருகியது. இரண்டடி ஏறினால் ஓரடி வழுக்கினோம். கம்பளிக் கையுறை நனைந்து விரல்கள் எரிந்தன. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை. கறுப்புக் கல்லைத் தொட்டதும் திரும்பிப் பார்த்தோம். வேன் தீப்பெட்டி அளவில் நின்றது. சரிவில் ஓர் உருவம் எங்களை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. சேலைக்கு மேல் அப்பாவின் பெரிய ஜக்கெற்.

"உன்ர அம்மா," என்றாள் ரெஜினா. அடி நிச்சயம் என்று நான் முதுகைத் தயாராக்கினேன்.

அம்மா வந்து சேர்ந்தார். முகம் சிவந்து மூச்சு வாங்கியது. எங்களைப் பார்க்காமல் எங்களுக்கு மேலே பார்த்தார்.

"அங்கால என்ன இருக்கு?"

"இதேதான் ஆன்ரி," என்றாள் ரெஜினா.

"போய்ப் பாப்பம்," என்று சொல்லிவிட்டு அம்மா எங்களைத் தாண்டி ஏறத் தொடங்கினார்.

திகைத்துப்போய்ப் பின்னால் போனோம். சரிவு செங்குத்தானது. அம்மா விழுந்தார், எழுந்தார், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபடி ஏறினார். மேகம் இறங்கி வேன் மறைந்தது. எதற்கும் பயப்படாத ரெஜினா, கால்விரல் விறைத்து உணர்வே தெரியவில்லை என்று சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள்.

"அம்மா, இறங்குவம்," என்றேன்.

"இன்னும் கொஞ்சம்."

"அம்மா, ரெஜினா அழுறாள்."

அவர் திரும்பினார். அந்தக் கணத்தில் பனி உடைந்து ஒரு கால் தொடைவரை உள்ளே போனது. இழுக்க இழுக்க வரவில்லை. நாங்கள் இருவரும் நாய்க்குட்டிகளைப்போலக் கைகளால் தோண்டினோம். அம்மா தோண்டவில்லை. அப்படியே உட்கார்ந்து மேகத்தைப் பார்த்து, "எங்க இருக்கிறான் எண்டு ஆராவது சொன்னாக் காணும்," என்றார்.

"அப்பா கீழதான் நிக்கிறார், அம்மா," என்றேன் நான்.

அம்மா என்னைப் பார்த்தார். சிரிப்பு வந்தது, அது பாதியில் வேறு ஏதோவாக மாறியது. என் ஈரத் தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிறகு, "சரி, போவம்," என்றார்.

உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினோம். கறுப்புக் கல்லுக்குப் பக்கத்தில், மேகத்துக்குள், அப்பா பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போலக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். முழங்கால்வரை நனைந்திருந்தார்.

"பசிக்குதோ?" என்று மட்டும் கேட்டார்.

அம்மா தேடியது தன் தம்பியை. போரில் ஊரெல்லாம் இடம்பெயர்ந்த நேரத்தில் அவரைப் பற்றி மாதக்கணக்கில் ஒரு தகவலும் இருக்கவில்லை. பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்று வீட்டில் முடிவெடுத்திருந்தார்கள். அடுத்த வருடம்தான் ஆள் உயிரோடு இருப்பது தெரிந்தது. இப்போது கனடாவில் இருக்கிறார், ஞாயிறு தவறாமல் அம்மாவோடு தொலைபேசியில் சண்டை பிடிக்கிறார்.

மலையில் நடந்த மற்றப் பாதியை ரெஜினாவின் அப்பா எனக்குச் சொன்னபோது நான் கல்யாண வயதில் இருந்தேன். அம்மா ஏறுவதைப் பார்த்து அவர் ஓடப் புறப்பட்டாராம். என் அப்பா கையைப் பிடித்து, "விடுங்கோ, அவ ஏறட்டும்," என்றாராம். பிறகு தானே, அம்மா திரும்பினால் கண்ணில் படாத தூரத்தில், பின்னாலேயே ஏறிப்போனாராம்.

அன்று எனக்கு அது எங்கே தெரியும்? வேனில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கமாட்டேன் என்று முரண்டு பிடித்து ரெஜினாவோடு பின்னால் போய் இருந்தேன். அம்மா அவர் தோளில் சாய்ந்து, அந்த மாதங்களில் முதல்தடவையாக நல்ல நித்திரை. ஓக்லாந்து வரும்வரை அப்பா அந்தத் தோளை அசைக்கவே இல்லை. அவருடைய பின்தலையை முறைத்துக்கொண்டே வந்தேன். நாங்கள் மேலே அவ்வளவு கஷ்டப்பட்டிருக்க, சும்மா நின்று பார்த்த மனிதர் என்று.