மொட்டைமாடியிலிருந்து ஒரு மழை லைவ்

சென்னையில் மழை என்று யாராவது எழுதினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்தச் சென்னை? நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் அளந்ததைச் சொல்லிவிட்டு நகரம் முழுக்க அளந்த மாதிரி பேசுவார்கள். திருவொற்றியூரில் முழங்கால் தண்ணீரில் நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த அன்று டிவியில் லேசான தூறல் என்றார்கள். அந்தக் கடுப்பில்தான் ஆன்லைனில் ஒரு பிளாஸ்டிக் மழைமானி வாங்கி மொட்டைமாடிச் சுவரில் கட்டினேன். தினமும் காலை எட்டரைக்கு அளவைப் படம் பிடித்து, வடசென்னை மழைக்கென்று நானே தொடங்கிய ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டுவிட்டுத்தான் கன்டெய்னர் யார்டு வேலைக்குக் கிளம்புவேன்.

முதலில் என் மச்சானும் அவன் நண்பர்கள் நாலு பேரும்தான் பார்த்தார்கள். அப்புறம் கூட்டம் சேர்ந்தது பாருங்கள், என்னாலேயே நம்ப முடியவில்லை. வள்ளூரில் வாட்ச்மேன் வேலை பார்க்கும் ஒருவர் அனல் மின் நிலையப் புகைபோக்கிகளைப் படமெடுத்து அனுப்ப ஆரம்பித்தார். புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் காற்று போகிறது. இவ்வளவு உயரமான காற்றுகாட்டி தென்சென்னைக்காரர்களிடம் இருக்கிறதா? புளியந்தோப்பு ஹவுசிங் போர்டிலிருந்து தையல் வேலை செய்யும் ஒரு பெண்மணி, தண்ணீர் எத்தனையாவது படி வரை ஏறியது என்று எழுதுவார். நாங்கள் யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் கடலில் மேகம் திரண்டுவிட்டால் எங்கள் பக்கம் கல்யாண வீடாகிவிடும்.

ஒரு நவம்பர் மாதம், ஒரு வாரமாக விடாமல் பெய்த மழை நின்று பளீரென்று வெயில் அடித்த காலை. எனக்கு அன்று வார விடுமுறை. எங்கள் வீட்டுக்கு எதிரே, ரோட்டுக்கும் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளுக்கும் நடுவில் கொஞ்சம் மணல் இருக்கிறது. அங்கேதான் கீழ்வீட்டு அக்கா கருவாடு காயவைப்பார். அந்த மழைக்காலத்தில் அவருக்குக் கிடைத்த முதல் நெத்திலி அது. ஆறு பழைய வலைகளை விரித்து, அவற்றின்மேல் வெள்ளி வெள்ளியாகப் பரப்பியிருந்தார். பாதி காய்ந்த நெத்திலி மழையில் நனைந்தால் நாறிப்போகும், கோழித் தீவனத்துக்குத்தான் ஆகும். ஒரு வாரம் சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு அதுதான் எல்லாமே.

பத்து மணி வாக்கில் வள்ளூர்க்காரர் படம் அனுப்பினார். அதுவரை நேராக மேலே போன புகை சட்டென்று கரைப்பக்கம் மடங்கியிருந்தது. போனில் வானிலை ரேடாரைத் திறந்தேன். எண்ணூருக்குக் கிழக்கே கடல்மேல் சிவப்பாக ஒரு கனமழைத் திட்டு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது! மூன்று மாடியையும் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே போய், போனைத் தூக்கிப் பிடித்து லைவ் போட்டேன்.

என்ன காட்சி அது! துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் கடலில் வரிசையாக நங்கூரம் போட்டு நின்ற கப்பல்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு மழை வந்தது. “அதோ, அந்த எண்ணெய்க் கப்பலு காலி! அடுத்தது போச்சு! இன்னும் கா மணி நேரம்கூட இல்ல, அல்லாரும் உஷாரா இருங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். பார்ப்பவர்களின் எண்ணிக்கை ஏற ஏற எனக்குத் தலைகால் புரியவில்லை. ராயபுரத்தில் துணி எடுத்தாயிற்று என்றார்கள், தண்டையார்பேட்டையில் கடையைக் கட்டியாயிற்று என்றார்கள்.

அப்போது புளியந்தோப்பிலிருந்து அந்தப் பெண்மணியின் கமென்ட் வந்தது: “படத்துல கீழ ஒரு அம்மா மீனு காயவெச்சிகினு கீறாங்களே, அவங்களுக்கு சொன்னியா?”

குனிந்து பார்த்தேன். அக்கா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நெத்திலியைப் புரட்டிக்கொண்டிருந்தார். தலைக்குமேல் நல்ல வெயில். கீழே இருப்பவர்களுக்குப் பாறைகளைத் தாண்டிக் கடலே தெரியாது. அவரிடம் இருப்பதோ பட்டன் போன்.

“யக்கா! மழ!” என்று கத்தினேன். அலைச் சத்தத்தில் என்ன சொல்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். நான் மணலில் கால் வைக்கும்போதே குளிர்ந்த காற்று முகத்தில் அறைந்தது. அக்கா ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். வலையின் நாலு மூலையையும் சேர்த்து மூட்டையாகத் தூக்கினோம். ஒன்றைக் கொண்டுபோய் வாசலில் போட்டுவிட்டுத் திரும்பினால், முன்பின் தெரியாத இரண்டு பேர் பின்தெருவிலிருந்து ஓடி வந்தார்கள். “லைவ்ல பாத்தோம்ணா!” என்று ஆளுக்கொரு மூட்டையைத் தூக்கினார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஐந்து வலைகள் உள்ளே போய்விட்டன. ஆறாவதைத் தொடும்போது வானம் பொத்துக்கொண்டது.

நனைந்த நெத்திலியை வாசலில் வைத்துக்கொண்டு அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“எம்மாந்நேரமா நைனா தெரியும் உனுக்கு?”

“கா மணி நேரமாக்கா.”

“மேல நின்னு கத்திகினு இருந்தியே, அது இதுக்குத்தானா? நான் ஃபோன்ல யார் கூடவோ சண்டைன்னு நெனச்சேன். ஊரு பூரா சொல்ற, உன் வாசல்ல குந்திகினு கீறவளுக்கு ஒரு கொரலு வுட்டா இன்னா கொறைஞ்சிடும்?”

அன்று மாலை வரை போனில் பாராட்டுகள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றையும் படிக்க மனம் வரவில்லை.

மறுநாள் காலை மழைமானியைப் படமெடுக்க மாடிக்குப் போனேன். கீழே மணலில் நின்று அக்கா அண்ணாந்து பார்த்தார். இடுப்பில் ஒரு வலை மூட்டை.

“இன்னா நைனா, இன்னிக்கு காயவெக்கலாமா?”

முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு வரும், வராது என்று வாய் கூசாமல் சொன்னவன் நான். அந்த ஒரு கேள்விக்காக ரேடாரை மூன்று தடவை பார்த்தேன். வள்ளூர்க்காரரிடம் இப்போதே புகையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். புகை நேராகத்தான் போனது. இறங்கிப் போய் அக்காவின் எதிரே நின்றேன்.

“ஒரு மணி வரிக்கும் வெயிலு கீதுக்கா. அதுக்கு மேல இன்னான்னு நானே வந்து சொல்றேன்.”

அக்கா வலையை உதறி விரித்தார். நான் யார்டுக்கு லீவு சொல்லிவிட்டு மாடியேறினேன். ஒரு மணி வரை கடலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.