முழுகி எட்டு மாதம்

1931 ஜூலை மாதத்துப் புறநோயாளிப் பதிவேட்டில் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "வயது 46. மிளகாய் மண்டிக் கூலி. கர்ப்பம், எட்டாம் மாதம்." தேதியின் இரண்டாம் இலக்கத்தில் தண்ணீர் பட்டிருக்கிறது, 17 என்றும் படிக்கலாம், 11 என்றும் படிக்கலாம். அன்று எங்கள் வைத்தியசாலை ஆயா முகம் நிறைய மஞ்சள் பூசிக்கொண்டு வந்து, ஆடி முதல் வெள்ளி என்று சொன்னது நினைவிருக்கிறது. ஆகவே 17 என்றே கொள்கிறேன். தேதியைச் சரிபார்த்துவிட்டேன். அந்த வரியின் கடைசிப் பகுதிதான் தவறு, தவறு என்னுடையது.

ராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகே சில வியாபாரிகள் சந்தா போட்டு நடத்திய சிறிய பெண்கள் வைத்தியசாலை அது. வருகிறவர்களின் பெயரைப் பதிந்து சீட்டுக் கொடுப்பது என் வேலை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து நான் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பின்னாளில் வைத்தியசாலை மூடப்பட்டபோது, பழைய காகிதத்துக்குப் போக இருந்த பதிவேடுகளில் இதை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி மேஜை முன் நின்றாள். உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.

"முழுவி எட்டு மாசமாவுதும்மா" என்றாள், குரலைத் தாழ்த்தி.

முழுகாமல் இருக்கிறாள் என்றால் எங்கள் ஊரில் கர்ப்பம் என்று பொருள். மாதவிலக்கு முடிந்து தலைக்கு ஊற்றிக்கொள்வது நின்றுவிட்டது என்பதைச் சொல்லும் நாகரிகமான வழி. ராயபுரத்திலும் அப்படித்தான். ஆனால் நாற்பத்தாறு வயதில் அது நிற்க வேறொரு காரணமும் உண்டு என்பது எனக்கு அந்த நிமிஷம் தோன்றவில்லை; அவள் வயிற்றையோ கழுத்தையோ சரியாகப் பார்க்கவும் இல்லை. அவள் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது. சிவப்புச் சீட்டைக் கொடுத்து, கர்ப்பிணிகளின் பெஞ்சைக் காட்டிவிட்டேன்.

சற்று நேரத்தில் ஆயா கதவருகே நின்று கூவினாள்: "எட்டு மாசம் யாரும்மே? எந்திரி, உள்ள வா!"

அவள் எழுந்தாள். பெஞ்சில் அவள் தெருக்காரி ஒருத்தியும் இருந்தாள். "இன்னாக்கா, மாமா செத்து நாலு வருசமாவுதே. சாமி குட்த்ததா?" என்று கேட்டாள். பெஞ்சு முழுவதும் சிரித்தது.

அவள் நேராக என் மேஜைக்கு வந்து சீட்டை வீசினாள். "நின்னு போச்சுன்னு சொல்ல வந்தா, புள்ளத்தாச்சி பெஞ்சில குந்த வச்சி மானத்த வாங்கிட்டியே!" பிறகு வெளியே போய்விட்டாள்.

நடந்ததை டாக்டரம்மாவிடம் சொன்னேன். வேறு ஏதாவது சொன்னாளா என்று அவர் கேட்டார். ஆயாதான் பதில் சொன்னாள்: "வாசல் வரைக்கும் பின்னாலயே போனேன், அப்ப எங்கிட்ட சொல்லிச்சி. நின்னது போன வாரம் திரும்ப வந்துச்சாம். ரத்தம் இன்னும் பட்டுகினு கீதாம்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நின்று இத்தனை மாதம் கழித்து வந்தால் உள்ளே பார்க்காமல் விடக்கூடாது. ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். எப்படியாவது கூட்டி வாருங்கள்."

அன்று பிற்பகலே ஆயாவும் நானும் மண்டிக்குப் போனோம். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு பெண்கள் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. அவள் நிமிராமல் கேட்டாள்: "இன்னா, கொயந்தைக்குப் பேர் வைக்க வந்தீங்களா?"

"தப்பு என்னுடையது. கேட்காமல் எழுதிவிட்டேன்" என்றேன். தும்மல்களுக்கு நடுவே அதை இரண்டு முறை சொல்லவேண்டி வந்தது. அது அவளுக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்திருக்க வேண்டும்; முகத்துணியை அவிழ்த்தாள்.

"மூஞ்சி குப்புனு பத்திக்குது. வேர்த்து ஊத்துது, அப்பாலே குளுருது. மொளகா சூடுன்னு நெனச்சி மோரா குட்ச்சிகினு கீறேன்."

"எனுக்கும் அப்டியேதான் இருந்துச்சி" என்றாள் ஆயா. "நான் எந்த மண்டில குந்தினேன்?"

அவள் ஆயாவையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சிரித்தாள். "கடைய மூடி எட்டு மாசமாவுது. இப்ப வந்து யாரு தொறந்தது?"

"அதத்தான் டாக்டரம்மா பாக்கணுங்குது."

"வரேன். ஆனா அந்தப் பெஞ்சில குந்த மாட்டேன்."

அடுத்த வெள்ளி வந்தாள். மருந்தறைக் கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். டாக்டரம்மா பார்த்தார். முகச் சூடு மிளகாயால் அல்ல, மாதவிலக்கு நிற்கும் வயதில் வருவது என்று சொல்லி, தூங்குவதற்கு மருந்து கொடுத்தார். இரத்தப்போக்குக்கு இங்கே வசதி போதாது என்று பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். பழைய வரியை அடித்து, சிவப்பு மையில் "நின்றது" என்று நான் திருத்தியது அன்றுதான்.

பிறகு முழுகவில்லை என்று யார் சொன்னாலும், "கடை மூடியாச்சா?" என்று ஆயா கேட்டுவிடுவாள். சிரித்துக்கொண்டே உள்ளதைச் சொன்னார்கள். பதிவேட்டில் அதற்கு மேல் பல பக்கங்களில் "நின்றது" இருக்கிறது. அதற்கு முன் ஒரு பக்கத்திலும் இல்லை. "பலவீனம்", "தலைச்சுற்றல்", "தூக்கமில்லை" என்று எழுதியிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள், நான் எத்தனை பேருக்குச் சீட்டை நீட்டினேன் என்பதற்குப் பதிவு கிடையாது.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வரவில்லை. கார்த்திகையில் மண்டிக்குப் போனபோது அவள் வேலையை விட்டிருந்தாள். நெட்டுக்குப்பத்தில் தங்கை வீட்டில் நன்றாக இருக்கிறாள், கருவாடு காயப்போடுகிறாள், கண்ணால் பார்த்தேன் என்றாள் ஒருத்தி. நீ பார்த்தது தங்கையை, இரண்டு பேருக்கும் ஒரே ஜாடை என்றாள் இன்னொருத்தி. கடிதம் கொடுத்ததற்கு என்னிடம் பதிவு இருக்கிறது. அவள் அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாளா என்பதை மட்டும் என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.