பேர் வெட்டிய தாம்பாளம்

எங்கள் வீட்டில் ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளம் இருக்கிறது. என் மகனுக்குக் காது குத்தியபோது என் அண்ணன் குடியாத்தத்திலிருந்து ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த சீர்த்தட்டு. நடுவில் அண்ணன் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். கொடுத்தவர் பெயரை வெட்டிக் கொடுப்பதுதானே நம் பழக்கம். அதே தட்டில் விளிம்பை ஒட்டி இன்னொரு வரி இருக்கிறது. அது மராத்தி எழுத்து. அதை வெட்டிக்கொடுத்தது தாயி. அது அவள் பெயர் என்றுதான் ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாயி என்றால் மராத்தியில் அக்கா. அவள் என்னைவிட இருபது வயது சின்னவள். ஆனாலும் கைடு வேலை பார்ப்பவள் என்று எல்லாரும் மரியாதையாக அப்படித்தான் கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன். அவள் என்னை மாவ்ஷி என்பாள். சித்தி, பெரியம்மா என்கிற மாதிரி. புனாவில் என் வயதுப் பெண்களுக்கெல்லாம் அதுதான் பெயர். சொந்தப் பெயர் சொல்லி என்னைக் கூப்பிட்ட ஆட்கள் குடியாத்தத்தோடு முடிந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கைடாகப் போகும் சுற்றுலா மினி பஸ் கிளம்பும். காலையில் நாங்கள் குடியிருந்த கிர்க்கி கன்டோன்மென்டில் வெள்ளைக்காரர் கட்டிய தேவாலயமும் பட்டாள லைன் வீடுகளும். பிறகு கண்டாலாவிலும் லோனாவாலாவிலும் துரைமார் வெயிலுக்கு வந்து தங்கிய பழைய பங்களாக்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து கார்லா மலைக்குகை. இருட்டுவதற்குள் திரும்பிவிடும். தொண்ணூறுகளின் கடைசியில், என் வீட்டுக்காரர் காலமான மறு வருஷம், அந்த பஸ்ஸுக்கு நான் சாப்பாடு கட்டிக்கொடுக்க ஆரம்பித்தேன். வெடிமருந்துத் தொழிற்சாலையில் அவர் வேலை பார்த்த காலம் முழுக்க நான் கிர்க்கியை விட்டு வெளியே போனது கம்மி. தாயி அடுத்த சந்தில் குடியிருந்தாள். என் புளிசோற்றை ஒரு நாள் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "மாவ்ஷி, இது மூணு நாள் ஆனாலும் கெடாது போலிருக்கே, என் பஸ்ஸுக்கு இதுதான் வேணும்" என்றாள். அவள் மராத்தியில் சொன்னதையெல்லாம் நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். நாலு பேர் சேர்ந்து பார்த்தால் எனக்குப் பேச்சே வராது. ரேஷன் கடையில் எனக்குப் பின்னால் நிற்பவர்களை எல்லாம் முன்னால் விட்டுவிட்டு, கூட்டம் போனபிறகுதான் பையை நீட்டுவேன். பரிமாற ஆள் வேண்டும் என்று தாயி பஸ்ஸில் ஏற்றியபோதும் கடைசி சீட்டில் குண்டானைக் கால் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததோடு சரி. குகைக்கு எல்லாரும் ஏறிப்போவார்கள். நான் கீழே பஸ்ஸில், தூங்கும் டிரைவருக்குத் துணையாக இருப்பேன். நான்கைந்து மாதம் அப்படித்தான் போனது. கிர்க்கியில் மட்டும் ஜன்னலோரம் எட்டிப் பார்ப்பேன். ஒரு தடவை, "இதுதான் பிரிட்டிஷ்காரன் கட்டின குவார்ட்டர்ஸ்" என்று அவள் கை காட்ட, எல்லாரும் காமிராவைத் தூக்கினார்கள். அது எங்கள் பழைய லைன். நாங்கள் இருந்த வீட்டுக் கொடியில் யாருடைய உள்பாவாடையோ காய்ந்துகொண்டிருந்தது. அதுவும் சேர்ந்து போட்டோவில் போனது. தாயி என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தாள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

கார்லா குகைக்குள் இருட்டு. மலையைக் குடைந்து, வரிசையாகத் தூண், வளைந்த கூரை, அதில் விலா எலும்பு மாதிரி மரச் சட்டங்கள். இரண்டாயிரம் வருஷத்து மரம் என்பாள். மேற்குப் பார்த்த வாசல் என்பதால் மத்தியானத்துக்கு மேல்தான் முன்பக்கம் வெயில் விழும். அந்த வெயிலை ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியில் பிடித்து உள்ளே அடித்து, ஒவ்வொரு இடமாகக் காட்டுவது தாயியின் வழக்கம். ஒரு ஞாயிறு, பஸ் குலுங்கியதில் யாரோ கால் வைத்துக் கண்ணாடி நொறுங்கிவிட்டது. தாயி நேராக என்னிடம் வந்தாள். குண்டானுக்கு மூடியாக இருந்த தாம்பாளத்தை எடுத்தாள். துடைத்தாள். வெயிலில் திருப்பிப் பார்த்தாள். எதிரே டிரைவர் முகத்தில் வெளிச்சம் விழுந்து அவன் கத்தினான்.

"எழுந்திரு மாவ்ஷி. நீ பிடி, நான் பேசறேன்."

"ஐயோ, நான் வரலை."

"உன்னை யார் பார்க்கப்போறா? எல்லாரும் சுவரைத்தான் பார்ப்பாங்க."

அது நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. படியேறும்போது மூச்சு வாங்கியது. குகைக்குப் பக்கத்திலேயே அம்மன் கோயில், அதைக் கும்பிட வந்த மீனவக் குடும்பங்கள் மேளத்தோடு நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். ஆனால் வாசல் வெயிலில் தட்டைப் பிடித்து நின்றபிறகு ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெளிச்சம் போகிற பக்கம்தான் அத்தனை கண்ணும் போனது. தூண் உச்சியில் யானைகள். யானை மேல் ஜோடி ஜோடியாக ஆணும் பெண்ணும். முதல் நாள் நான் தட்டை வெடுக்கென்று திருப்பியதில் யானையெல்லாம் ஆடியது. "வெளிச்சத்தை வீசாதே மாவ்ஷி. கைக்குழந்தையைத் தூக்கிட்டுப் போற மாதிரி கொண்டுபோ" என்றாள். அடுத்தடுத்த வாரங்களில் பழகிக்கொண்டேன். கிட்டத்துத் தூணில் அடித்தால் வெளிச்சத்தின் நடுவில் ஒரு மங்கல் தெரியும். அண்ணன் பெயர் வெட்டிய இடம் அது. வெயில் நகர நகர நானும் ஒவ்வோர் அடியாக நகர்வேன். அவள் எந்த வார்த்தைக்கு அடுத்து எந்த வார்த்தை சொல்வாள் என்று காது அறிந்து, அதற்கு முன்பே கை அங்கே திரும்பியிருக்கும். இப்படி ஐந்தாறு வருஷம். அவள் சொன்ன கதை முழுவதும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. அது அப்போது எனக்கே தெரியாது.

அதற்குள் புனாவில் ஔந்த் பக்கமெல்லாம் கம்ப்யூட்டர் வேலைக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் வந்து குடியேறிவிட்டார்கள். அவர்களைப் பார்க்க வந்த அப்பா அம்மாக்கள் பஸ் பஸ்ஸாக வர ஆரம்பித்தார்கள். தாயிக்கு மராத்தியும் இந்தியும்தான். ஒரு கூட்டம் ஒன்றுமே புரியவில்லை என்று புகார் சொல்லிவிட்டது. பஸ் முதலாளி சேட், அடுத்த தடவை தானே கூட வந்து பார்ப்பதாகவும், மறுபடி புகார் வந்தால் வேறொரு ஆளை கைடாகப் போட்டுவிட்டு இவளை ஆபீசில் டெலிபோன் எடுக்க உட்கார்த்திவிடுவதாகவும் சொன்னார். தாயிக்கு ஆபீஸ் நாற்காலி என்றால் ஜெயில். மலையேறிப் பேசினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர்க்காரர்கள் முப்பது பேர். சேட் முன் சீட்டில். தாயிக்கு முந்தின நாளே காய்ச்சல், தொண்டை கட்டிவிட்டது. காற்றுதான் வருகிறது, சத்தம் வரவில்லை. கிர்க்கி தேவாலயத்தில் கையைக் காட்டினாள். கண்டாலா பங்களாவில் கையைக் காட்டினாள். பின்னால் ஓர் அம்மா, "ஏனுங், இந்தப் புள்ள பேசவே பேசாதுங்களா? ஊமைப் படம் பாத்தாப்ல இருக்குதுங்" என்றார். அவர் வீட்டுக்காரர், "உன்ற கூட நாப்பது வருசம் ஊமையாவே இருந்து எனக்குப் பழகிப்போச்சு, கம்முனு உக்காரு" என்றார். பஸ்ஸே சிரித்தது. சேட்டுக்கு மொழி புரியவில்லை, சிரிப்பு புரிந்தது. அவர் முகம் இறுகியது.

சாப்பாடு பரிமாறும்போது தாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை கொதித்தது. "மாவ்ஷி, இன்னிக்கு நீ சொல்லு" என்று காற்றாகவே சொன்னாள். "என்னால முடியாது தாயி, செத்துப்போவேன்" என்றேன். அவள் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னை எத்தனையோ தடவை வம்புக்கு இழுத்து, அதட்டி, தள்ளிக்கொண்டு போனவள், அன்றைக்கு ஒரு தடவைக்கு மேல் கேட்காமல் இருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

குகை வாசலில் வழக்கமான இடத்தில் நின்றேன். முப்பது பேரும் உள்ளே போய், இருட்டில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். சேட் ஒரு தூணில் சாய்ந்து நின்றார். தாயி வாயைத் திறந்தாள், இருமல்தான் வந்தது. நான் தட்டை மார்புக்கு நேரே பிடிப்பது வழக்கம். அன்று முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். வெளிச்சம் கூரைக்குப் போனது. உள்ளே "அடேங்கப்பா" என்று ஒரு குரல்.

"அது மரங்க" என்றேன். "கல்லு இல்லீங்க. ரெண்டாயிரம் வருசத்து மரம்."

பக்கத்து அடுப்படிக்குக்கூட எட்டாத குரல் என்னுடையது. அந்தக் குகையின் கடைசி வரை போய்த் திரும்பி என்னிடமே வந்தது. பயந்து நிறுத்திவிட்டேன்.

"யாருங் பேசறது? எங்கிருந்துங்?"

"தட்டுக்குப் பின்னாடி ஒரு அம்மா இருக்காங்க பாரு."

"கண்ணு கூசுது, ஒண்ணும் தெரியலீங்."

தெரியவில்லை என்றதும் எனக்கு உயிர் வந்தது. கையை நகர்த்தினேன். கை போன இடத்துக்கு வாய் தானாகப் போனது. யானையைச் சொன்னேன். குகைக் கடைசியில் பெரிய அரிசிப் பானையைக் கவிழ்த்தது மாதிரி இருக்கும் ஸ்தூபியையும், அதன் மேல் மரக் குடையையும் சொன்னேன். ரிடையர் ஆன தலைமை ஆசிரியர் ஒருவர், "இதை எந்த ராசா கட்டுனதுங்கம்மா?" என்று கேட்டார். தாயி சொல்லும் ராஜா பெயர்கள் எனக்கு வாயில் நுழையாதவை. ஒரு நிமிஷம் வெளிச்சம் ஆடியது. பிறகு அதைத் தூணில் வெட்டியிருந்த எழுத்துக்குக் கொண்டுபோனேன்.

"ராஜா பேரு எனக்கு வரலைங்க. இந்தத் தூணைக் குடுத்தவங்க பேரு இதுல இருக்கு. நாம சீர் பாத்திரத்துல பேர் வெட்டிக் குடுக்கறோமில்லீங்களா, அது மாதிரிதாங்க. ஒரு தூணு யாரோ ஒரு வியாபாரி குடுத்தது. ஒண்ணு கடல் தாண்டி வந்தவன் குடுத்தது. வாசல் பண்ணினது ஒரு தச்சரு. இன்னொண்ணு ஒரு பையனோட அம்மா குடுத்ததுங்க. பேரு போட்டு, பக்கத்துல தானம்னு போட்டிருக்கும். அவ்ளோதான். நம்ம தானமேதாங்க."

பிறகு உள்ளே ஒரே பேச்சு. "எங்க மாமியா கரண்டில கூடப் பேர் வெட்டி வெச்சிருக்குதுங்!" என்றது ஒரு குரல். "நீ பொறந்தவூட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவீன்னுதான்" என்றது இன்னொன்று. தலைமை ஆசிரியர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூணருகே போய், அந்த எழுத்தை விரலால் தொடாமல் காற்றிலேயே தடவிப் பார்த்தார். "அம்மா குடுத்தது எதுங்? அதைக் காட்டுங்" என்று நாலைந்து பெண்கள் கேட்டார்கள். நான் காட்டினேன். அன்று வெயில் இறங்கும்வரை அவர்கள் குகையை விட்டு வரவில்லை. தாயி குகை வாசல் படியோரம் உட்கார்ந்து, கண்ணீர் கன்னத்தில் வழிய வழிய அழுதுகொண்டிருந்தாள்.

திரும்பும்போது புனா நெருங்க, நிக்டி தாண்டியபிறகு சேட் கடைசி சீட் வரை வந்தார். "மத்ராஸி பார்ட்டி வந்தால் தட்டை மறந்துடாதே" என்று என்னிடம் சொல்லிவிட்டு, தாயியைப் பார்த்து, "அடுத்த ஞாயிற்றுக்குள்ள தொண்டையைச் சரிபண்ணு" என்றார். அவ்வளவுதான். தாயி ஆபீஸ் நாற்காலிக்குப் போகவில்லை. அதன்பிறகு தமிழ்க் கூட்டம் வந்தால் அவள் ஒரு வரி சொல்வாள், நான் தட்டுக்குப் பின்னால் நின்று ஒரு வரி சொல்வேன். ரேஷன் கடையிலும் என் முறை வந்தபோது பையை நீட்டப் பழகினேன்.

சில வருஷம் கழித்துத் தாயியின் வீட்டுக்காரருக்கு நாசிக்குக்கு மாற்றலானது. கடைசி ஞாயிறுக்கு அடுத்த நாள், தட்டை ஒரு நாள் கொடு என்று வாங்கிப்போனாள். கிர்க்கி பஜாரில் கொடுத்துப் பெயர் வெட்டி, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தாள். "போனப்புறம் படி" என்றாள். எனக்கு மராத்தி பேச வரும், படிக்க வராது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுத் தலையாட்டினேன். என் தட்டில் ஞாபகத்துக்குத் தன் பெயரை வெட்டியிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். கொடுத்தவர் பெயரைத்தானே வெட்டுவார்கள். எனக்கு அவள் கொடுத்ததும் கொஞ்சமா? யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லை.

இப்போது நான் ஔந்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். தாம்பாளம் பரணில் இருந்தது. போன மாதம் பரணை ஒழித்தபோது, பாத்திரம் தேய்க்க வரும் பெண் அதைக் கழுவி, சமையலறை ஜன்னல் வெயிலில் சாய்த்துப் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"மாவ்ஷி, இதுல உன் பேர் இருக்கே."

"என் பேரா? அது ஒருத்தி வெட்டிக் குடுத்தது. அவ பேரு."

"இல்லையே. ரெண்டே வார்த்தைதான் இருக்கு." ஈரக்கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக் காட்டினாள். "மாவ்ஷி. தானம்."

நான் அந்த வரியை, குகைத் தூணில் தலைமை ஆசிரியர் பார்த்த மாதிரி, விரலால் தொடாமல் காற்றிலேயே தடவிப் பார்த்தேன். அவள் கையிலிருந்த தட்டின் வெளிச்சம் கூரையில் ஆடிக்கொண்டிருந்தது. இதைப் பழையபடி பரண் மேலேயே போடவா என்று கேட்டாள்.

"வேணாம்" என்றேன். "வெயில் படற இடமாப் பாத்து வை."