இருட்டுப் பெட்டிக்குள் ஏறிய எண்ணிக்கை

எனக்குச் சந்தேக புத்தி அதிகம். வண்டலூர் பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்தில் நான் செய்த வேலைக்கு அது தோதாகவும் இருந்தது. நுண்ணோக்கியில் உயிர்ச்செல் விடும் மங்கலான ஒளியை ஒவ்வொரு ஃபோட்டானாக, ஒளித்துகள் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். எண்ணும் கருவி இருட்டிலும் சும்மா இருக்காது. தன் சூட்டினாலேயே பொய்க் கணக்குக் காட்டும். குளிர வைத்தால் அடங்கும்.

குளிர வைத்தேன், அடங்கியது. ஆனால் செல்லை ஒளிர வைக்கும் நீல லேசரைப் போட்டால், செல்லே இல்லாத வெறும் கண்ணாடித் தகட்டிலும் எண்ணிக்கை எகிறியது. அப்படியானால் கருவி வந்த ஆயுத பூஜை வாரத்திலிருந்து நான் எண்ணியதெல்லாம் செல்லின் ஒளியா, வேறு ஏதாவது குப்பையா? குப்பை என்றால் என் முனைவர் பட்டம் அவ்வளவுதான்.

அறையைக் கூட்டித் துடைக்கும் அக்காவின் மேல் என் கண் விழுந்தது. கோவிலம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவர். அறைச் சாவி அவரிடம்தான் இருந்தது. நுண்ணோக்கியை மூடியிருக்கும் கறுப்புப் பெட்டியைத் திறந்து துடைத்திருப்பார், துணியிலிருக்கும் சோப்புத்தூள்தான் ஒளிர்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். பெட்டியைத் திறந்தால் அறுந்துவிடும்படி விளிம்பில் ஒரு தலைமுடியை ஒட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் முடி அப்படியே இருந்தது. பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருப்பாரோ? சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

“அக்கா, உண்மையைச் சொல்லுங்க. இந்தப் பெட்டியைத் தொறந்தீங்களா?”

“நான் இன்னாத்துக்கு மேடம் தொறக்கப் போறேன்? ஆயுத பூஜை அன்னிக்கி நீங்கதான் தொறந்தீங்க. வெளிய வெச்சா உங்க சார் திட்டுவாருன்னு மூடிக்கு உள்பக்கமா பொட்டு வெச்சீங்களே. அது இன்னும் அங்க கீதா, இல்லியா?”

எனக்கு மறந்தே போயிருந்தது. மூடியைத் திருப்பினேன். இருந்தது. கறுப்புப் பூச்சின் மேல் கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள், நடுவில் குங்குமம். நீல லேசர் பட்டால் மஞ்சள் ஒளிரும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா என்ன? ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். வெறும் தகட்டில் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. பிறகு செல்லை வைத்தேன். ஒளி முன்பைவிடக் குறைவுதான், ஆனால் இருந்தது. பட்டம் பிழைத்தது.

சாவியை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை.

“உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம். நாளைக்கு வேற எதுனா ஆச்சுன்னா மறுபடி என்னத்தான கேப்பீங்க?”

இப்போதெல்லாம் கதவைத் தட்டிவிட்டு, நான் திறக்கும்வரை துடைப்பத்தோடு வெளியிலேயே நிற்கிறார். ஒவ்வொரு காலையும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.